‘பெர் ஆஸ்பெரா அட் ஆஸ்ட்ரா’ என்றால் உண்மையில் என்ன?

கேள்வி இது: “என் தம்பி மகன் முன்கையில் ‘பெர் ஆஸ்பெரா அட் ஆஸ்ட்ரா’ என்று பச்சை குத்திக்கொள்ளப் போகிறானாம். லத்தீன் மொழி, செனெக்கா சொன்னது, ‘கஷ்டப்பட்டால் ஜெயிக்கலாம்’ என்று அர்த்தம் என்கிறான். சில இடங்களில் இதையே முன்பின்னாக மாற்றிப் போட்டிருக்கிறார்கள். எது சரி? பொருள் அதுதானா? ஏன் இதை உலகம் முழுக்க இத்தனை இடங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள்?”

சிறு வயதில் குருமடத்தில் மூன்று வருடம் லத்தீன் படித்தவன் நான். குருவானவர் ஆகவில்லை, லத்தீன் மட்டும் ஒட்டிக்கொண்டது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் எளிதான பகுதி. ‘பெர்’ என்றால் ஊடாக, வழியாக. ‘அட்’ என்றால் நோக்கி. ‘ஆஸ்ட்ரா’ என்றால் விண்மீன்கள். ‘ஆஸ்பெரா’ என்பதுதான் சுவையான சொல். ‘ஆஸ்பெர்’ என்பது சொரசொரப்பைக் குறிக்கும் அடைமொழி. கல்லும் மேடுமான தரைக்கும் அதைச் சொல்வார்கள், கரகரத்த குரலுக்கும் சொல்வார்கள், நாக்கைப் பிடித்து இழுக்கும் திராட்சை மதுவுக்கும் சொல்வார்கள். அதன் பலவின்பால் வடிவம்தான் ஆஸ்பெரா. நாம் ‘நல்லவை’, ‘தீயவை’ என்று சொல்லும்போது பின்னால் ஒரு பெயர்ச்சொல் இல்லாமலே புரிந்துகொள்கிறோம் அல்லவா, அது மாதிரி ‘கரடுமுரடானவை’. ஆக, “கரடுமுரடுகளின் ஊடாக, விண்மீன்களை நோக்கி.” அவ்வளவுதான் வாசகம்.

முன்பின் விவகாரத்தில் இரண்டுமே சரி. ‘பெர் ஆஸ்பெரா’ ஒரு துண்டு, ‘அட் ஆஸ்ட்ரா’ இன்னொரு துண்டு. தமிழில் ‘மதுரை வழியாக நெல்லைக்கு’ என்றாலும் ‘நெல்லைக்கு மதுரை வழியாக’ என்றாலும் பஸ் ஒன்றுதான். துண்டுக்குள் இருப்பதை மட்டும் கலைக்கக் கூடாது. இந்த வாசகம் இவ்வளவு பரவியதற்கு ஓசையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆஸ்பெரா, ஆஸ்ட்ரா என்று பழுதில்லாத மோனை. நம்மூர் மேடைப் பேச்சாளர் யாராவது கட்டியிருந்தாலும் இப்படித்தான் கட்டியிருப்பார்.

ஒரு சின்ன எச்சரிக்கை. பழைய ரோமர் உச்சரிப்பில் இது கிட்டத்தட்ட ‘அஸ்த்ரா’ என்று ஒலிக்கும். உடனே நம் காதுக்கு அஸ்திரம் ஞாபகம் வரும். இந்திய விமானப்படையின் ‘அஸ்த்ரா’ ஏவுகணைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அது சமஸ்கிருத ஆயுதம். லத்தீன் ‘அஸ்த்ரா’வுக்கு உறவு தேட வேண்டுமானால் தாரா, தாரகை என்ற பக்கம்தான் போக வேண்டும்.

இப்போது உங்கள் தம்பி மகன் சொன்ன பொருளுக்கு வருகிறேன். “கஷ்டப்பட்டால் ஜெயிக்கலாம்.” இதில் இரண்டு வினைச்சொற்கள் இருக்கின்றன. லத்தீன் வாசகத்தில் வினைச்சொல்லே கிடையாது. ‘போகலாம்’ இல்லை, ‘அடைவாய்’ இல்லை, ‘கிடைக்கும்’ இல்லை. வழி எப்படிப்பட்டது, எந்தத் திசையில் போகிறது என்ற இரண்டு தகவல்களைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறது. போய்ச் சேர்வோமா என்பதைப் பற்றி ஒரு உத்தரவாதமும் தரவில்லை. இலக்கணத்தை வைத்து மயிர் பிளக்கிறான் என்று தோன்றலாம். இந்த வாசகம் எங்கிருந்து வந்தது, எங்கெல்லாம் பொறிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் அப்படித் தோன்றாது.

செனெக்கா சொன்னதா? இதே சொற்களில் இல்லை. அவர் எழுதியது இதன் தாத்தா என்று சொல்லலாம். செனெக்கா கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானியத் தத்துவவாதி, நீரோ மன்னனின் ஆசிரியர். அதே நீரோவின் ஆணையால் கி.பி. 65இல் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டவர். அவர் எழுதிய நாடகங்களில் ஒன்று ஹெர்குலிஸ் பித்துப் பிடித்துப்போவதைப் பற்றியது. அதில் 437ஆவது அடி: “நோன் எஸ்ட் அட் ஆஸ்ட்ரா மோல்லிஸ் எ டெர்ரிஸ் வியா.” அதாவது, “மண்ணிலிருந்து விண்மீன்களுக்குப் போகும் வழி மெத்தென்று இருப்பதில்லை.” ‘மோல்லிஸ்’ என்றால் மென்மை. அதற்கு நேரெதிர்தான் ‘ஆஸ்பெர்’. ‘மென்மையல்ல’ என்பதைப் பிற்காலத்தவர் ‘கரடுமுரடு’ என்று சுருக்கிக்கொண்டார்கள்.

இந்த அடியை நாடகத்தில் பேசுவது ஹெர்குலிஸ் அல்ல, அவன் மனைவி மெகாரா. கணவன் பாதாள உலகத்தின் காவல் நாயைப் பிடித்துவரப் போயிருக்கிறான், திரும்புவானா என்றே தெரியாது. அந்த இடைவெளியில் லைகஸ் என்பவன் தீப்ஸ் நகரைப் பிடித்து, அவள் தகப்பனையும் உடன்பிறந்தவர்களையும் கொன்றுவிட்டு, “என்னைக் கட்டிக்கொள்” என்று எதிரே வந்து நிற்கிறான். ஆளுக்கொரு அடியாக வாக்குவாதம் ஓடுகிறது.

“கடுமையான கட்டளைகளை எடுத்துவிட்டால் வீரம் என்று என்ன மிஞ்சும்?” என்கிறாள் மெகாரா.

“மிருகங்களுக்கும் பூதங்களுக்கும் முன்னால் எறியப்படுவதா வீரம்?” என்கிறான் லைகஸ்.

“எல்லோரும் நடுங்குவதை அடக்குவதுதான் வீரம்.”

“பெரிதாகப் பேசியவனைப் பாதாள இருட்டு இப்போது அமுக்கிக்கொண்டிருக்கிறது.”

அதற்கு அவள் சொல்லும் பதில்தான் அந்த அடி. எதிரியின் முகத்துக்கு நேரே, கையில் எந்தப் பலமும் இல்லாத ஒரு பெண் விட்டுக்கொடுக்காமல் சொன்ன வார்த்தை. பச்சை குத்திக்கொள்ளும் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று யோசித்தால் கொஞ்சம் வருத்தமாகவே இருக்கிறது.

அப்புறம் என்ன ஆகிறது? ஹெர்குலிஸ் திரும்பி வருகிறான், லைகஸைக் கொல்கிறான். நம் சினிமாவாக இருந்தால் அங்கே சுபம் போட்டுவிடுவார்கள். நாடகத்தில் ஜூனோ தேவி அவனுக்குப் பித்துப் பிடிக்கச் செய்கிறாள். அந்தப் பித்தில் அவன் தன் பிள்ளைகளைக் கொல்கிறான், மெகாராவையும் கொல்கிறான். விண்மீன்களுக்குப் போகும் வழி மெத்தென்று இல்லை என்று சொன்னவள், யாரை நம்பி அதைச் சொன்னாளோ அவன் கையாலேயே போய்விடுகிறாள்.

‘விண்மீன்களுக்குப் போவது’ என்றால் ரோமர்களுக்கு ராக்கெட் அல்ல. மனிதன் தெய்வநிலை அடைவது, அழியாப் புகழ் பெறுவது. துருவனும் அருந்ததியும் வானத்தில் இருப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜூலியஸ் சீசர் கொல்லப்பட்ட கி.மு. 44ஆம் ஆண்டு ஒரு வால்நட்சத்திரம் தெரிந்தபோது, அதுதான் சீசரின் ஆன்மா என்று ரோம் மக்கள் நம்பினார்கள். ரோமானியக் கவிஞர் வர்ஜில் எழுதிய ஈனியட் காவியத்தின் ஒன்பதாம் காண்டத்திலும் ஒரு சிறுவன் போரில் முதல் அம்பை எய்து எதிரியை வீழ்த்தும்போது அப்பல்லோ தேவன் பாராட்டுகிறான்: “சிக் இட்டுர் அட் ஆஸ்ட்ரா”, இப்படித்தான் விண்மீன்களுக்குப் போவது. இந்தத் துண்டு இன்று கனடா விமானப்படையின் இலச்சினை வாசகம்.

விமானப்படை என்றதும் இதன் அண்ணன் தம்பி ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: ‘பெர் ஆர்டுவா அட் ஆஸ்ட்ரா’. ‘ஆர்டுவா’ என்றால் செங்குத்தானவை, ஏறக் கடினமானவை. 1912இல் பிரிட்டனில் விமானப்படையின் முன்னோடியான ராயல் ஃப்ளையிங் கோர் தொடங்கியபோது, அதன் ராணுவப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய ஃபிரெடரிக் சைக்ஸ், நல்ல வாசகம் ஒன்று சொல்லுங்கள் என்று அதிகாரிகளிடம் கேட்டார். ஃபார்ன்பரோவில் இரண்டு இளம் அதிகாரிகள் மெஸ்ஸிலிருந்து நடந்து போகும்போது இதைப் பற்றிப் பேசிக்கொண்டு போக, அவர்களில் யூல் என்பவர் முதலில் வர்ஜிலின் துண்டைச் சொல்லி, பிறகு அதை இப்படி நீட்டினார் என்பது அந்தப் படையே சொல்லும் கதை. ஆங்கில எழுத்தாளர் ரைடர் ஹாகார்டின் 1894ஆம் ஆண்டு நாவல் ஒன்றின் தொடக்கத்தில், ஒரு பெரிய மாளிகை வாசலின் கல்தூண்களில் இதே வாசகம் இருப்பதாக வரும். யூல் அங்கே படித்திருக்கலாம். அந்த நாவலிலும் அந்த வாசலில் நிற்கும் கதாநாயகன், குடும்பம் நொடித்துப்போய் அந்த வீட்டையே இழந்தவன். இந்த வாசகத்துக்கு ராசி அப்படி.

மன்னர் ஒப்புதல் தர, 1918 ஏப்ரல் 1 அன்று ராயல் ஏர் ஃபோர்ஸ் உருவானபோது வாசகமும் அப்படியே அதற்குப் போனது. ஆஸ்திரேலிய, நியூசிலாந்து விமானப்படைகளும் இதையே வைத்திருக்கின்றன. இதற்கு அதிகாரபூர்வமான ஆங்கில மொழிபெயர்ப்பே கிடையாது. ‘போராட்டங்களின் ஊடாக’ என்பார் ஒருவர், ‘துன்பங்களின் ஊடாக’ என்பார் இன்னொருவர், படை இரண்டுக்கும் தலையாட்டும். வாசகம் கேட்ட சைக்ஸ் பிற்பாடு பம்பாய் ஆளுநராக 1928 முதல் 1933 வரை இந்தியாவில் இருந்தார் என்பது ஒரு துணைச் செய்தி. சுதந்திர இந்தியாவின் விமானப்படை லத்தீன் பக்கமே போகவில்லை. பகவத் கீதையின் பதினோராம் அத்தியாயத்திலிருந்து ‘நபஸ் ஸ்ப்ருசம் தீப்தம்’, வானைத் தொடும் ஒளி, என்பதை எடுத்துக்கொண்டது. எனக்கு அந்தத் தேர்வு பிடிக்கும். அங்கே வழியைப் பற்றிய பேச்சே இல்லை, ஒளி மட்டும்தான்.

லத்தீன் வாசகத்தைக் கல்லில் பார்க்க வேண்டுமானால் லண்டன் போக வேண்டாம். சென்னை நந்தம்பாக்கத்தில் இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போனால் போதும். இரண்டாம் உலகப் போரில் இறந்த பிரிட்டிஷ் விமானப்படையினரின் கல்லறைக் கற்களில், கழுகுச் சின்னத்தைச் சுற்றி இந்த எழுத்துகள் இருக்கும். இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன்கள்.

‘ஆஸ்பெரா’வுக்குத் திரும்புவோம். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தின் வாசகம் ‘அட் ஆஸ்ட்ரா பெர் ஆஸ்பெரா’. நீங்கள் சொன்ன அந்த ‘முன்பின்’ வடிவம் இதுதான். 1854இல் அந்தப் பகுதி திறந்துவிடப்பட்டபோது, அங்கே அடிமைமுறை இருக்கலாமா கூடாதா என்பதைக் குடியேறுபவர்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்று சட்டம் போட்டார்கள். விளைவு, இரு தரப்பும் ஆயுதத்தோடு வந்து இறங்கின. ‘ரத்தம் சிந்தும் கான்சஸ்’ என்றே அந்த வருடங்களுக்குப் பெயர். கடைசியில் 1861 ஜனவரி 29 அன்று அடிமைமுறை இல்லாத மாநிலமாக, ஒன்றியத்தின் 34ஆவது மாநிலமாக அது சேர்ந்தது. அப்போது மாநில செனட்டின் செயலாளராக இருந்த ஜான் ஜேம்ஸ் இங்கால்ஸ் என்ற வழக்கறிஞர் முத்திரைக்கு ஒரு ஓவியம் கொடுத்தார். கீழே மேகங்கள், அதிலிருந்து எழும் ஒற்றை நட்சத்திரம், மேலே நட்சத்திரக் கூட்டம். மேகம் என்பது பட்ட பாடு, ஒற்றை நட்சத்திரம் கான்சஸ், மேலே இருக்கும் கூட்டம் அமெரிக்கக் கொடியின் நட்சத்திரங்கள். ரோமர்களுக்குத் தெய்வநிலையாக இருந்த ‘ஆஸ்ட்ரா’ இங்கே வெறும் கொடி நட்சத்திரமாக இறங்கிவிட்டது. ஆனால் வாசகம் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்திய இடம் வேறு கிடையாது. முத்திரையை முடிவு செய்த குழு சும்மா இருக்குமா? ஏர் உழுகிறவர், நீராவிப் படகு, காட்டெருமை, வண்டிகள் என்று எல்லாவற்றையும் உள்ளே திணித்து முத்திரையைச் சந்தைக்கடை ஆக்கிவிட்டது. குழுக்கள் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

அடுத்து வருவதுதான் மனதைப் பிசையும் இடம். புளோரிடாவின் கேப் கனாவரலில் 34ஆம் எண் ஏவுதளம். 1967 ஜனவரி 27, மாலை 6:31. அப்பல்லோ 1 விண்கலத்தில் கஸ் கிரிஸம், எட் வைட், ரோஜர் சாஃபி என்ற மூன்று விண்வெளி வீரர்களும் ஒத்திகைக்காக உட்கார்ந்திருக்கிறார்கள். ராக்கெட்டில் எரிபொருள்கூட இல்லை. ஆனால் கலத்துக்குள் வெளிக்காற்றைவிட அதிக அழுத்தத்தில் சுத்த ஆக்சிஜன் நிரப்பியிருந்தார்கள். எங்கோ ஒரு மின்கம்பியில் பொறி தட்டியது. அந்தச் சூழலில் நைலான் வலையும் ஒட்டுப்பட்டையும் வெடிமருந்து மாதிரி எரியும். உட்கதவு உள்பக்கமாகத் திறக்கும் வகை. உள்ளே அழுத்தம் ஏற ஏற அது சட்டத்தோடு இன்னும் இறுகிவிட்டது. வெளியிலிருந்து திறக்கச் சுமார் ஐந்து நிமிடம் ஆனது. மூவருமே இல்லை.

அந்த ஏவுதளத்தில் இப்போது காங்கிரீட் மேடை மட்டும் நிற்கிறது. அதில் பதித்த உலோகத் தகட்டில், மற்றவர்கள் நட்சத்திரங்களை எட்டுவதற்காக உயிர் கொடுத்தவர்களின் நினைவாக என்ற பொருளில் எழுதி, கீழே ‘அட் ஆஸ்ட்ரா பெர் ஆஸ்பெரா’ என்று பொறித்திருக்கிறார்கள். பக்கத்திலேயே ஆங்கிலத்தில், கரடுமுரடான பாதை நட்சத்திரங்களுக்கு இட்டுச்செல்கிறது என்ற விளக்கமும் உண்டு. 2017இல், ஐம்பதாவது நினைவு ஆண்டில், கென்னடி விண்வெளி மையத்தில் இதே பெயரில் ஒரு நினைவுக் காட்சியகம் திறந்தார்கள். அந்தத் திறக்காத கதவையே அங்கே வைத்திருக்கிறார்கள்.

விபத்துக்குப் பிறகு கதவை வெளிப்பக்கமாகச் சில நொடிகளில் திறக்கும்படி மாற்றினார்கள். ஏவுதளத்தில் இருக்கும்போது சுத்த ஆக்சிஜனுக்குப் பதில் 60 சதவீதம் ஆக்சிஜன், 40 சதவீதம் நைட்ரஜன் என்று கலந்தார்கள். எரியக்கூடிய பொருள்களைத் தேடித் தேடி அப்புறப்படுத்தினார்கள். 1969இல் நிலவில் இறங்கியவர்கள் அந்த மாற்றங்களோடு கட்டிய கலத்தில்தான் போனார்கள். ‘பெர்’ என்ற சொல்லுக்கு இதைவிட நேரான உரை எழுத முடியாது. கரடுமுரடைச் சுற்றிக்கொண்டு போகவில்லை, அதன் ஊடாகப் போனார்கள். ஆனால் ஊடாகப் போன எல்லோரும் மறுபக்கம் வந்து சேரவில்லை. வினைச்சொல் இல்லாததன் அர்த்தம் எனக்கு அந்தத் தகட்டைப் படத்தில் பார்த்தபோதுதான் உறைத்தது.

மற்ற இடங்களை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் மெக்லன்பர்க் அரச குடும்பம் 1864இல் ஏற்படுத்திய வெண்டிஷ் கிரீடம் என்ற விருதுச் சின்னத்தில் இது உண்டு. தென்னாப்பிரிக்க விமானப்படை இதை வைத்திருக்கிறது. ரஷ்யர்கள் ‘முட்களின் ஊடாக நட்சத்திரங்களுக்கு’ என்று தங்கள் மொழியிலேயே பழமொழி மாதிரி சொல்கிறார்கள், ‘முள்’ எனக்கு ‘கரடுமுரடை’விடப் பிடித்திருக்கிறது. பால் மால் சிகரெட் பெட்டியின் சின்னத்திலும் ‘பெர் ஆஸ்பெரா அட் ஆஸ்ட்ரா’ இருக்கிறது. சிகரெட் பிடிப்பவர் எந்த வழியாக எங்கே போகிறார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

உண்மையிலேயே விண்மீன்களை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும் ஒரு பிரதியும் இருக்கிறது. 1977இல் ஏவிய இரண்டு வாயேஜர் கலங்களிலும் தங்கமுலாம் பூசிய இசைத்தட்டு ஒன்று வைத்தார்கள். பூமியின் ஒலிகள் என்ற பகுதியில் மோர்ஸ் தந்திக் கட்டையின் கட்-கடா ஓசை வரும். அந்தத் தந்தி சொல்வது இதே வாசகத்தைத்தான். வாயேஜர் 1 சுமார் 40,000 ஆண்டுகள் கழித்து ஒரு விண்மீனுக்குக் கொஞ்சம் அருகில், அதாவது ஒன்றரை ஒளியாண்டுக்குச் சற்று அதிகமான தூரத்தில் கடந்து போகும். அதே தட்டில் 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது. தெலுங்கு, கன்னடம், சிங்களம் எல்லாம் உண்டு, தமிழ் இல்லை. நம் பங்குக்கு அந்தக் குறை இருக்கட்டும்.

எழுத லத்தீன்தான் வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். பள்ளிகளும் படைகளும் ஊராட்சிகளும் லத்தீனை எடுத்ததற்குக் காரணம், அது யார் வீட்டுத் தாய்மொழியும் இல்லை, இனி மாறவும் மாறாது, நான்கு சொல்லில் முடிந்துவிடும். நம்மிடமும் அது வந்து சேர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகப் பட்டச் சான்றிதழ் பீரோவில் இருந்தால் எடுத்துச் சின்னத்தைப் பாருங்கள்: ‘டாக்ட்ரினா விம் ப்ரொமொவெட் இன்சிட்டம்’. கவிஞர் ஹொரேஸின் அடி, இயல்பாக உள்ளிருக்கும் ஆற்றலைக் கல்வி வளர்க்கிறது என்று பொருள். பட்டம் வாங்கிய பலர் இதை ஒருமுறைகூடப் படித்திருக்க மாட்டார்கள், நானும் குருமடத்து லத்தீன் இல்லாவிட்டால் படித்திருக்க மாட்டேன்.

தமிழில் இணை தேடுபவர்கள் வழக்கமாகக் காட்டுவது 611ஆம் குறள்: “அருமை உடைத்தென்று அசாவாமை வேண்டும் / பெருமை முயற்சி தரும்.” ஓசையில் அற்புதமான பொருத்தம். ஆஸ்பெராவுக்கு அருமை, ஆஸ்ட்ராவுக்குப் பெருமை. ‘அருமை’ என்பதற்கு இங்கே கடினம் என்று பொருள், நாம் இப்போது சாப்பாட்டுக்குச் சொல்லும் அருமை அல்ல. ஆனால் கடைசியில் ‘தரும்’ என்று ஒரு வினைமுற்று உட்கார்ந்திருக்கிறது. வள்ளுவர் வாக்குக் கொடுக்கிறார், லத்தீன் கொடுக்கவில்லை. என்னைக் கேட்டால் 596தான் நெருக்கம்: “உள்ளுவ தெல்லாம் உயர்வுள்ளல் மற்றது / தள்ளினும் தள்ளாமை நீர்த்து.” உயர்ந்ததையே நினை, அது கைகூடாமல் போனாலும் கைகூடியதற்குச் சமம். ‘தள்ளினும்’ என்று தோற்கும் வாய்ப்பை அவரே ஒப்புக்கொள்கிறார். மெகாராவிடம் காட்டியிருந்தால் அவளுக்குப் புரிந்திருக்கும்.

சரி, பச்சை விஷயம். தம்பி மகனிடம் “செனெக்கா” என்று கீழே பெயர் போட வேண்டாம் என்று சொல்லுங்கள், அந்தச் சொற்களில் அவர் எழுதவில்லை. செனெக்கா பெயர் வேண்டுமென்றால் 437ஆம் அடியை முழுதாகக் குத்தட்டும், முன்கையில் இடம் பற்றுமா என்பது அவன் பாடு. ஆஸ்பெராவில் (ASPERA) ‘எஸ்’ ஒன்றுதான், ‘பி’க்கும் (P) ‘ஆர்’க்கும் நடுவில் ‘ஈ’ (E) உண்டு, அதை விட்டுவிட்டுக் குத்திய கைகளைப் பார்த்திருக்கிறேன். ஆஸ்பெரா, ஆஸ்ட்ரா இரண்டுமே ‘ஏ’ (A) எழுத்தில் முடிய வேண்டும். நடுவில் கமா வேண்டாம். ரோமர் பாணியில் எல்லாம் பெரிய எழுத்தாகப் போட்டால் பார்க்க நன்றாக இருக்கும். பச்சை குத்துபவருக்கு லத்தீன் தெரிந்திருக்காது, அதனால் தாளில் எழுதி, இரண்டு பேர் எழுத்துக்கூட்டிப் பார்த்த பிறகு கையை நீட்டச் சொல்லுங்கள்.